ஹெரால்டும் ஒரு அரைவட்ட வாஷரும்

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது மாடிக்குத் தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கினோம். கேஸ் சிலிண்டர், டிவி, அரிசி மூட்டை, பெரியம்மாவின் தையல் மிஷின். தூக்க முடியாமல் விட்டது பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றைத்தான். விடிந்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் காரின் கூரை மட்டும் தெரிந்தது, அதன் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவினோம், காரை யாரும் தொடவில்லை. பெரியப்பா இருந்தவரை "பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஏழு பொங்கல் போனது. அவர் போன பிறகு காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து எடைக்குக் கேட்டார். கேட்ட விலை எனக்குக் கோபத்தைக் கிளப்பியது, அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையை ஆரம்பித்தேன். பழைய கார் மேல் காதல் என்றெல்லாம் அப்போது ஒன்றும் கிடையாது.

எங்களுடையது 1966 மாடல், இரண்டு கதவு. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது, வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி, அதையே இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று செய்தார்கள். செய்தது வேறெங்கோ இல்லை, நம்ம சென்னையில்தான், வண்டலூர் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனால் கொஞ்ச நேரத்து தூரம்.

வீட்டு முற்றத்தில் வைத்து வேலை பார்க்க இதைவிட நல்ல கார் கிடையாது என்பது பிரித்த பிறகுதான் தெரிந்தது. ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்துகொடுக்க ஆளில்லாததால், துண்டு துண்டாகச் செய்து தனி சேசிஸ் மேல் வைத்து போல்ட் போட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு இருந்த அந்தத் தலைவலி அறுபது வருஷம் கழித்து எனக்கு லாபமாக வந்து சேர்ந்தது. பானட் இரண்டு பக்கத்து மட்கார்டோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும், முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் கை வைக்கலாம், முக்காலி வேண்டாம். கியர்பாக்ஸை காருக்குள்ளிருந்தே கழற்றலாம், மேலே ஒரு மூடி மட்டும்தான். எங்கள் காரில் அது வெள்ளத்தில் ஊறி ரஸ்க் மாதிரி பிய்ந்து வந்தது, அலுமினியத் தகட்டில் வேறு மூடி செய்துகொண்டேன்.

முதல் ஒரு மாதம் போல்ட் கழற்றுவதிலேயே போனது, அதில் பாதி என் தப்பு. என்னிடம் இருந்தது மில்லிமீட்டர் ஸ்பானர் செட். இந்தக் காரில் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல போல்ட்டுக்கு 13 நம்பர் ஸ்பானர் உட்காருகிற மாதிரி இருக்கும், ஆனால் 12.7-க்கும் 13-க்கும் இடையில் உள்ள அந்தத் துளி இடைவெளி போதும், துருப்பிடித்த போல்ட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும். நாலு போல்ட்டை நாசம் செய்த பிறகு பாரிமுனைக்குப் போய் அங்குல செட் வாங்கி வந்தேன். வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

பழைய இன்ஜின் சுற்றவே இல்லை. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி, ஒரு வாரம் ஊறவைத்து, கடைசியில் ஹெட்டைக் கழற்றினால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் காய்ந்த சேறு, செங்கல் மாதிரி. பட்டறையில் பார்த்தவர் சுவரில் நகத்தை ஓட்டிக் காட்டினார், நகம் குழியில் மாட்டியது. ஏற்கெனவே பலமுறை போர் அடித்த, அதாவது சிலிண்டர் சுவரைக் கடைந்து அகலமாக்கிய பிளாக், இனி அடிக்க இடமில்லை, நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் (உள்ளே போடும் உறை) இறக்க வேண்டும், கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அரித்திருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "எதுக்கு சார் இதெல்லாம், மாருதி ஆம்னி இன்ஜினைத் தூக்கிப் போடுங்க, சும்மா பறக்கும்" என்றார்.

ரெண்டு நாள் அதை யோசித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆம்னி இன்ஜின் எங்கும் கிடைக்கும், ஸ்பேரும் அப்படித்தான். ஆனால் மவுண்டிங் வெட்டி ஒட்ட வேண்டும், கியர்பாக்ஸ் மாறும், ரேடியேட்டர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியின் அமைப்பையே மாற்றியதற்கு அனுமதி வாங்க வேண்டும். அதைவிட, பறக்க வேண்டும் என்றால் நான் வேறு காரை ஓட்டிவிட்டுப் போகிறேன். ஹெரால்டு பறக்கிற கார் இல்லை. பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடுகிற ஸ்விங் ஆக்சில், வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதில் பறக்கிற இன்ஜினைப் போடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை.

ஒரு வழி இருந்தது. ஹெரால்டுக்கு அப்புறம் அதே கம்பெனி 1972-இல் ஸ்டாண்டர்ட் கேஸல் என்று நாலு கதவுக் காரைக் கொண்டுவந்தது. முன்பக்கம் பின்பக்கம் முகம் மாறியது, இந்திய மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காத அந்தப் பின் ஆக்சிலும் மாறியது, ஆனால் இன்ஜின் அதே 948 சிசி. சிலிண்டர் அகலம் (போர்) 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 76 மில்லிமீட்டர். அப்படியே உட்காரும். புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்து, ஒருவர் கை காட்ட இன்னொருவர், அவர் கை காட்ட வேறொருவர் என்று போய், கடைசியில் ஒரு கடையின் பின்பக்கம் கோணிக்குள் கிடந்தது ஒன்று. "ஓடிட்டிருந்த இன்ஜின் சார், சாமி சத்தியமா" என்றார் கடைக்காரர். புல்லியைப் பிடித்துச் சுற்றினேன், சுற்றியது. பிளக் ஓட்டையில் விரலை வைத்தேன், காற்று விரலைத் தள்ளியது. பதினெட்டாயிரம் கொடுத்து, பில்லும் அந்தப் பழைய காரின் ஆர்.சி. நகலும் கையில் வாங்கிக்கொண்டு, குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். (பில், ஆர்.சி. நகல் இல்லாமல் இன்ஜின் வாங்கினால் இன்ஜின் நம்பர் மாற்றி எழுதும்போது நீங்கள் திருடனாகிவிடுவீர்கள்.)

இந்த இடத்தில் பெரியவரைச் சொல்ல வேண்டும். நண்பனின் அப்பா, அந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையிலேயே அசெம்பிளியில் இருந்தவர், எண்பதைத் தாண்டியாகிவிட்டது. பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒருநாள் வந்தவர், அடுத்த நாளும் வந்தார், அப்புறம் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முற்றத்தில் நிரந்தரமாகிவிட்டது. எதையும் தொட மாட்டார். காபி குடிப்பார், பார்ப்பார். முன்சக்கரத்தின் அடியில் இருக்கும் பித்தளை ட்ரனியனுக்கு (சக்கரம் திரும்புகிற மூட்டு) நான் கிரீஸ் அடிக்கப் போனபோதுதான் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "கிரீஸா? தம்பி, அது தொண்ணூறு நம்பர் ஆயில் குடிக்கிற இடம். கிரீஸ் அடிச்சு அடிச்சே எத்தனை வண்டி சக்கரம் மடங்கி நடுரோட்டுல படுத்துச்சு தெரியுமா?"

இன்ஜினை இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடகைக்கு எடுத்த இரும்பு முக்காலி, செயின் பிளாக், மச்சான், பக்கத்து வீட்டுப் பையன், நான். நூறு கிலோவுக்கு மேல் கனம் சங்கிலியில் தொங்கும்போது யாரும் பேச மாட்டார்கள், அதை அன்று கவனித்தேன். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த சரியான கருவி இல்லாததால், உடைந்த விளக்குமாற்றுக் கட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சுற்றி, அதன் நடுவில் உள்ள பல் வெட்டிய ஸ்ப்ளைன் ஓட்டைக்குச் சரியாக வரும்வரை தடிமன் ஏற்றினேன். இன்ஜின் இறங்கி, கியர்பாக்ஸோடு சேர்ந்து, அரை அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. மச்சான் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்றான். அப்படி இழுத்தால் பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) காது உடைந்து கையோடு வரும். டாப் கியரைப் போட்டுவிட்டு முன்னால் புல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு கால் சுற்று, இன்னொரு கால் சுற்று, "டக்" என்று ஒரு சத்தம், இன்ஜின் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சத்தத்துக்காக இன்னொரு தடவை கூட இறக்கலாம் போலிருந்தது.

ஒயரிங், ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்புக்குப் புது டயாஃப்ரம் (இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது), இதெல்லாம் ஒரு மாதம். விவரமாகச் சொன்னால் உங்களுக்கும் போரடிக்கும். முதல் ஸ்டார்ட்டில் கார்புரேட்டர் வழியாக "டொப்" என்று வெடித்து பக்கத்து வீட்டு நாய் ஓடியது. பிளக் ஒயரை 1-2-3-4 என்று வரிசையாக மாட்டியிருந்தேன், 1-3-4-2 என்று மாற்றிய பிறகு பிடித்துக்கொண்டது. எட்டு வருஷத்துக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்த கார். பெரியம்மா உள்ளே இருந்து ஓடி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பெரியவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"கிளட்சை மிதி" என்றார். மிதித்தேன். இன்ஜின் சத்தம் லேசாக அமுங்கிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "விடு. மறுபடி மிதி." நாற்காலியை விட்டு எழுந்து, இன்ஜினை நிறுத்தச் சொல்லி, முன் புல்லிக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார். என்னையும் கூப்பிட்டார், மச்சானை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். அவன் மிதிக்கும்போது புல்லி முன்னால் வந்தது, விட்டதும் அப்படியே நின்றது, ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் பின்னால் போனது. நல்ல இன்ஜினில் கண்ணுக்கே தெரியக் கூடாத அசைவு அது. இதில் ஒரு நாணயம் நுழைகிற அளவு.

"வாங்கும்போது சுத்திப் பாத்தியே, இழுத்துப் பாத்தியா?"

இழுத்துப் பார்க்கவில்லை. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் இருக்க இந்த இன்ஜினில் அதைத் தாங்கும் பின் மெயின் பேரிங் பக்கத்தில் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் இருக்கும், பிளாக் பக்கம் மட்டும், முழு வட்டம் கூட இல்லை. ஒவ்வொரு தடவை கிளட்சை மிதிக்கும்போதும் கிராங்க் மொத்தமும் முன்னால் தள்ளப்பட்டு அந்த அரைவட்டத்தின் மேல்தான் சாயும். தேய்ந்து தேய்ந்து மெலிந்ததும் கழன்று கீழே விழும். அப்புறம் கிராங்க்கே பிளாக்கை அரைக்கத் தொடங்கும்.

ஆயிலை வடித்து, காருக்கு அடியில் படுத்து சம்ப்பை, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியைக் கழற்றினேன். அடியில் கருப்புக் குழம்புக்கு நடுவே பிறை மாதிரி ஒன்று கிடந்தது. பிளேடு மாதிரி மெலிந்துபோயிருந்தது. "சம்ப்புக்குள்ள விழுந்து கிடக்கு" என்று நான் கத்தியதைக் கேட்டு என் மனைவி தண்ணீர் சம்ப்பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

நல்ல காலம், ஓட்டியது பத்து நிமிஷம்தான், பிளாக்கில் கீறல் மட்டும். இன்ஜினை மறுபடி தூக்க வேண்டியதில்லை, பின் மெயின் கேப்பைக் கழற்றினால் அடியிலிருந்தே புது வாஷரை வழுக்கி ஏற்றிவிடலாம். புதியது இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், ஆனால் அதற்குள் பெரியவர் கிண்டியில் தனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். கன்மெட்டலில் ஒரு வளையம் கடைந்து, நடுவில் வெட்டினால் இரண்டு அரைவட்டம். ஒரு பக்கத்தில் எண்ணெய் ஓட இரண்டு வரி கீறினார்கள். படுத்துக்கொண்டு மாட்டும்போது வரி போட்ட பக்கத்தை பிளாக்கைப் பார்த்து வைக்கப் போனேன். மேலே நாற்காலியிலிருந்தே குரல் வந்தது: "வாய்க்கால் கிராங்க்கைப் பாக்கணும்." அங்கிருந்து அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. மாட்டிய பிறகு ஃபீலர் கேஜில் பார்த்தால் ஆறு தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. கடைந்த கூலி ஆயிரத்து இருநூறு.

ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் மாற்றவும் எஃப்.சி. புதுப்பிக்கவும் ஆனதைத் தனியாக எழுதுகிறேன், அது வேறு வகைப் பொறுமை.

எல்லாம் கைக்கு வந்த பிறகு முதல் சவாரிக்குப் பெரியவரைத்தான் கூப்பிட்டேன். வேட்டி, முழுக்கை சட்டை, நெற்றியில் விபூதி, முன் சீட். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் பக்கம் மெதுவாகப் போனோம், பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பெருங்களத்தூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பழக்கதோஷம், முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே நின்றேன். அவர் வெளியே, தான் வேலைக்குப் போய்வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை, இடது கால் முட்டியில் மட்டும் விரலால் இரண்டு தட்டு தட்டினார். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்தேன்.