ஃபவுண்டன் ஹில்ஸ் ஏரிக்கரையில் ஒரு காலை

தம்பி வீட்டுக்கு அரிசோனா போகும்போதெல்லாம் என் டிஸ்க் பையும் கூடவே வரும். இந்தப் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சாண்ட்லரிலிருந்து காலையிலேயே கிளம்பி ஃபவுண்டன் ஹில்ஸ் போனோம். நான், தம்பி, பத்து வயதான அவன் மகன். அங்கே ஏரியைச் சுற்றியுள்ள ஃபவுண்டன் பார்க்கில் டிஸ்க் கோல்ஃப் ஆட வேண்டும் என்பது என் நாலு வருட ஆசை. மெமோரியல் சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டி பல வருடங்கள் இங்கே நடந்திருக்கிறது. அந்த ஆட்டங்களை யூடியூபில் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கே இந்த விளையாட்டு பிடித்தது.

தெரியாதவர்களுக்கு: டிஸ்க் கோல்ஃப் என்றால் தட்டு எறிவது. சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில், எவ்வளவு குறைந்த வீச்சில் முடியுமோ அவ்வளவு குறைவில் தட்டைச் சேர்க்க வேண்டும். எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். இந்தச் சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிப்புதான்.

சாலையை விட்டு பார்க்குக்குள் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பச்சை. சுற்றிலும் காய்ந்த பாலைவனக் குன்றுகள், நடுவில் புல்வெளி, அதன் நடுவில் ஏரி. ஒன்பது மணிக்கு ஏரியின் நடுவிலிருந்து நீரூற்று எழும்பியது. 1970-ல் கட்டியது, மூன்று பம்புகளையும் ஓட்டினால் 560 அடி வரை போகுமாம். வழக்கமாக அவ்வளவு உயரம் விடுவதில்லை. இருந்தாலும் தலையைப் பின்னால் சாய்த்துத்தான் உச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. மணிக்கொரு முறை, பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வரம். கீழே புல் அசையவில்லை, என் முகத்திலும் காற்று படவில்லை. ஆனால் நீரூற்றின் உச்சி தெற்குப் பக்கம் சாய்ந்து, வெள்ளைப் புகை மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே காற்று இருக்கிறது என்று புரிந்தது. உயர எறிய நினைத்தவள், தாழ்வாக எறிந்தேன். டிஸ்க் கூடைக்கு இருபதடி தள்ளிப் போய் நின்றது. காற்றை இப்படிக் காட்டிக்கொடுக்கும் மைதானத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்த மைதானத்தின் பலமும் குறையும் ஒரே தண்ணீர்தான். பல ஹோல்கள், அதாவது ஒவ்வொரு கூடைக்கும் எறிந்து போகும் பாதைகள், கரையை ஒட்டியே போகின்றன. ஏரியின் ஓரத்தைத் தாண்டி எறிய வேண்டிய இடங்களும் உண்டு. மரங்கள் குறைவு, எல்லாம் திறந்த வெளி. அதனால் எளிது என்று முதலில் தோன்றும். எனக்கு வலது கைப் பழக்கம். பேக்ஹேண்டாக, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசி எறிந்தால், வேகம் குறையும்போது டிஸ்க் இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் ஏரி இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் மனசு ஒரு கணக்குப் போடுகிறது. நேராகக் கூடைக்கு எறிவதா, வலப்பக்கம் தள்ளி எறிந்து அதைத் திரும்ப விடுவதா? காட்டுப் பாதை மைதானங்களில் இந்தத் தவிப்பு வராது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

அப்புறம் மருமகன் எறிந்தான். நல்ல வீச்சு. கூடைக்குப் பக்கத்தில் விழுந்து, சரிவான புல்லில் வழுக்கி, கரையின் விளிம்பைத் தாண்டியது. அந்தச் சிவப்புத் தட்டு தண்ணீர் மேல் ஒரு நொடி கிடந்தது. பிறகு ஒரு ஓரம் சாய்ந்து, பச்சையான தண்ணீருக்குள் போய்விட்டது. "அத்தை, எடுக்கலாமா?" என்றான். முடியாது. ஏரியில் இருப்பது சுத்திகரித்த கழிவுநீர். பாலைவனத்தில் இந்தப் புல்லையெல்லாம் வாழவைப்பது அதுதான். அதில் யாரும் இறங்கக் கூடாது. விதிப்படி ஒரு வீச்சு அபராதம், எல்லை தாண்டிய இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்துத் தொடரலாம். அவனுக்கு அபராதம் பெரிதாகத் தெரியவில்லை. பிறந்தநாளுக்கு வாங்கிய டிஸ்க் அது.

கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கு இந்த மைதானம் கொடுமையாக இருக்கிறது என்பது என் முதல் குறை. தண்ணீர் ஓரக் கூடைகளுக்குப் பதிலாக, மேட்டில் இன்னொரு கூடை வைத்தால் எவ்வளவோ பேர் பயமில்லாமல் ஆடுவார்கள். இரண்டாவது குறை இன்னும் முக்கியம்: ஏரியைச் சுற்றும் நடைபாதை நாம் எறியும் பாதையோடு ஒட்டியே வருகிறது. தள்ளுவண்டியில் குழந்தை, நாயோடு நடப்பவர்கள், கைபிடித்து நடக்கும் வயதானவர்கள். ஒரு ஹோலில் பத்து நிமிடம் காத்திருந்தோம். பாதை அவர்களுடையதுதான், காத்திருப்பதுதான் நியாயம். ஆனால் அவர்களில் பலருக்கு இங்கே தட்டு பறக்கும் என்பதே தெரியவில்லை. தூரமாக எறியப் பயன்படும் டிரைவர் வகை டிஸ்க் தலையில் பட்டால் மண்டை உடையும். நிழலும் போதாது. பிப்ரவரிக்குச் சரி, 40 டிகிரியைத் தாண்டும் ஜூனில் விடியற்காலையை விட்டால் வழியில்லை.

கடைசி ஹோலை முடித்துவிட்டு வரும்போது, ஒரு பெரியவர் கயிற்றில் கட்டிய இரும்பு வாரியை ஏரிக்குள் வீசி இழுத்துக்கொண்டிருந்தார். மருமகன் ஓடிப்போய்த் தன் டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்டினான். அவர் கூடவே வந்து, ஏழெட்டு முறை பொறுமையாக வீசினார். பாசி வந்தது, பிறகு ஒரு நீல டிஸ்க் வந்தது. சிவப்பு வரவில்லை. நீலத்தின் அடியில் யாரோ மார்க்கரால் எழுதிய போன் நம்பர் அழியாமல் இருந்தது. அங்கேயே நின்று அந்த நம்பருக்கு போன் செய்தார்.

காரில் ஏறியதும் மருமகன் என் பையிலிருந்து மார்க்கரை எடுத்துக்கொண்டான். சாண்ட்லர் வருவதற்குள் மிச்சமிருந்த மூன்று டிஸ்கிலும் அவன் அப்பா நம்பர் ஏறியிருந்தது.