சுட்கிக்கும் ஒரு லட்டு

"சித்தி, ஒரு லட்டு குடு, நானே தூக்கிடுறேன்"னு காலைல அக்கா பையன் தண்ணி கேன் பக்கத்துல நிக்கறான். கைய மடக்கி, மூச்ச இழுத்துப் பிடிச்சு, அச்சு அசல் கார்ட்டூன்ல லட்டு சாப்பிட்டதும் பலம் வர்ற சோட்டா பீம்.

ஞாயித்துக்கிழமைதானேன்னு பெரம்பூர் வெயிலுக்கு ஃபேன போட்டுட்டு அவன்கூட உக்காந்து போகோ சேனல்ல சோட்டா பீம் பாத்தேன்.

2008ல ஹைதராபாத் கிரீன் கோல்ட் அனிமேஷன் ஆரம்பிச்ச தொடர். ஜப்பான், அமெரிக்கா கார்ட்டூனா பாத்துட்டு இருந்த பசங்களுக்கு, வேட்டி கட்டி லட்டு சாப்பிடுற ஒரு கிராமத்துப் பையன ஹீரோவா குடுத்தது ரொம்பப் பெரிய விஷயம். குட்டி ராஜுவையும் ஜக்கு குரங்கையும் எங்க போனாலும் கூட்டிட்டுப் போற அந்த நட்பு எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

ஆனா பீமோட ஃப்ரெண்ட் சுட்கி?

அவங்க அம்மா டுன்டுன் செய்ற லட்டு, பல நேரம் ஓடி வந்து குடுக்கறவ சுட்கி, ஆனா பலம் வர்றது மட்டும் பீமுக்கு. "அவ ஏன்டா சாப்பிடல"ன்னு கேட்டேன். "அது பீமோடது சித்தி"ன்னான், டிவிய விட்டு கண்ண எடுக்காம.

மனசு கஷ்டமாயிடுச்சு.

பீம்கூட எப்பவும் போட்டி போடுற குண்டுப் பையன் காலியாவோட விஷயம் இன்னும் மோசம். பீமும் மூக்கு பிடிக்க சாப்பிடுறான், காலியாவும் சாப்பிடுறான், ஒருத்தனுக்கு அது வீரம், குண்டா இருக்கறதால இன்னொருத்தனுக்கு அது காமெடி. கிளாஸ்ல கொஞ்சம் பூசுன மாதிரி இருக்கற எந்தப் புள்ளைக்கும் 'காலியா'ங்கற பேரு சுலபமா ஒட்டிக்கும்.

எவ்ளோ அழகான உலகம், பீமோட ஊரு டோலக்பூர். அதுல காலியாவுக்கும் கொஞ்சம் மரியாதை குடுத்து எழுதுங்கப்பா.