தாத்தாவின் ஜெபமாலை

தாத்தா போய் இன்றோடு நாற்பது நாள். 94 வயசு. 1942-இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரே இந்தியாவுக்கு நடந்தபோது, எப்படியோ ரங்கூனிலேயே தங்கிவிட்ட குடும்பம். 1964-இல் பர்மா அரசாங்கம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றது, சேமிப்பு போச்சு. "சர்வேசுரன் இருக்கார்ல" என்றாராம். ஆயா அதைச் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடிக்கும்!

விடியற்காலைப் பூசை தப்பாது. திரும்பும்போது மொய்ங்கா, மீன் குழம்பு ஊற்றிய பர்மா நூடுல்ஸ். "மீன்தானே, கறி ஒதுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஆகும்" என்று சிரிப்பார். பிப்ரவரியானால் ஞாங்லேபின் ஊர் மாதா கோயில் திருவிழா. 2017 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் ரங்கூன் கைக்கசான் மைதானத்தில் பூசை வைத்தபோது முந்தின ராத்திரியே போய் உட்கார்ந்துவிட்டார், கைலியும் சால்வையுமாக.

அவர் ஜெபமாலையில் ஒரு மணி இல்லை. அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் கோத்திருக்கிறார். இப்போது அது என் பையில்.