லியோனில் ஈபிள் டவர் இல்லை, அத்தை

"ஈபிள் டவர் பார்த்தியா கண்ணு?"

ஆடித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். அத்தை கேட்டார், சித்தப்பா கேட்டார், எதிர்வீட்டு ஆயா கேட்டார், மாவு மில்லில் அரிசி அரைக்கக் கொடுத்தபோது மில்லுக்காரரும் கேட்டார். நான் படிப்பது பிரான்சில் லியோன் என்ற ஊரில். அங்கிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயிலிலேயே இரண்டு மணி நேரம். சேலத்தில் இருப்பவரிடம் "தினமும் சாயங்காலம் மெரினாவுக்குப் போவீங்களா" என்று கேட்கிற மாதிரிதான் இது.

ஆனால் அத்தையை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. லியோனில் ஃபூர்வியேர் என்று ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு பெரிய வெள்ளை தேவாலயம், பக்கத்திலேயே 1894-ல் கட்டி முடித்த ஒரு இரும்புக் கோபுரம். ஈபிள் டவரின் அடிப்பாகத்தை விட்டுவிட்டு நுனியை மட்டும் கொண்டுவந்து நட்டது போல இருக்கும். இப்போது அது டிவி ஆன்டெனா, யாரும் மேலே ஏற முடியாது. அந்தப் போட்டோவைக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குட்டையா இருக்கு, பரவால்ல" என்றார்.

அடுத்த கேள்வி மொழி. என் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. வகுப்பறைக் கதவைத் தாண்டினால் மற்றதெல்லாம் பிரெஞ்சு. பஸ் ஏறும்போது டிரைவருக்கு ஒரு போன்ழூர், அதாவது வணக்கம், ரொட்டிக் கடையில் நுழைந்ததும் ஒரு போன்ழூர், லிஃப்டில் முன்பின் தெரியாதவருக்கும் ஒரு போன்ழூர். அதைச் சொல்லாமல் நேராக "ஒரு பகெத் கொடுங்க" என்றால் கடைக்கார அம்மா காது கேளாதவர் மாதிரி நிற்பார். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. எனக்குப் பழகவே பழகாதது என் பெயர்.

நம் ஊரில் எனக்கு ஒரு பெயர், முன்னால் அப்பாவின் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். பிரான்சில் ஆளைக் கூப்பிடுவது அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். வங்கி, பல் ஆஸ்பத்திரி, கல்லூரி அலுவலகம், எங்கே போனாலும் "மதாம்" என்று ஆரம்பித்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரர்களும் நூல் கடைக்காரரும் கூப்பிடுகிற பெயர் அது. வீட்டில் அம்மா அதை வாயால் சொல்லவே மாட்டார். அதை ஒரு நர்ஸ் வராந்தாவில் நின்று சத்தமாகக் கூப்பிட, நான் எழுந்து போகிறேன். முதலில் சிரிப்பாக வந்தது. அப்புறம் ஒரு மாதிரி இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் நிமிர்ந்து உட்காருகிறேன். அப்பாவிடம் சொன்னபோது, "என் பேர காப்பாத்து" என்று மட்டும் சொன்னார்.

அப்பா பெயரோடு சேர்ந்து வந்த இன்னொரு தொல்லை, காகிதங்கள். வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவுசெய்து உயிர்கொடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதை நீதிமன்றப் பட்டியலில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர்தான் பிரெஞ்சில் மாற்றித் தர வேண்டும். வீடு வாடகைக்கு எடுக்க ஜாமீன் ஆள் வேண்டும். பிரான்சில் எனக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? நல்லவேளை, விசால் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாணவர்களுக்கு இலவசமாக ஜாமீன் நிற்கும், விண்ணப்பித்தால் போதும். இதற்கு மேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

மார்க் விஷயம் மட்டும் வீட்டில் ஒரு சின்னக் கலவரமே ஆயிற்று. அங்கே எல்லாம் 20-க்குத்தான் மார்க். 10 எடுத்தால் பாஸ், 12-க்கு மேல் பரவாயில்லை ரகம், 14 என்றால் நன்று, 16 என்றால் மிக நன்று. 20-க்கு 20 என்பது கடவுளுக்கு என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வார்கள். முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் 13 வாங்கி, வகுப்பில் மேல்வரிசையில் இருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பா கால்குலேட்டரைத் தட்டியிருக்கிறார். "இவ்வளவு கடன் வாங்கி அனுப்பி 65 பர்சன்ட்டா?" ப்ளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண்ணுக்கு வெளிநாடு போய் மூளை மழுங்கிவிட்டது என்று எங்கள் தெருவில் ஒரு வாரம் பேச்சு. 13 நல்ல மார்க்தான் என்று நான் சொல்லச் சொல்ல, தப்பு செய்த பிள்ளை சமாளிக்கிற மாதிரியே கேட்டிருக்கும்.

சாப்பாடு. மாணவர் கேன்டீனில் நான் சேர்ந்தபோது ஒரு வேளைச் சாப்பாடு 3.30 யூரோ, உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு 1 யூரோ. மதியம் பன்னிரண்டு அடித்தால் நாடே சாப்பிட உட்காரும். இரண்டரைக்குப் பசித்தால் அது உங்கள் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கும் தட்டுவடை செட் கிடைக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு இந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் அதிகம்தான்.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு, கியோத்தியேர் பக்கம் இருக்கிற ஆசியக் கடைகளில் கிடைக்கும். ஒருமுறை அது தீர்ந்துபோய், பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் லெ ப்யூய் பச்சை மசூர் வாங்கி வந்தேன். லியோனிலிருந்து ரொம்பத் தூரமில்லாத எரிமலை மண்ணில் விளைவது. 1996-லேயே அதற்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கொடுத்து, ஒயினுக்குச் சமமாகக் கொண்டாடுகிறார்கள். அதன் பெருமையே எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது என்பதுதான். சாம்பாருக்கு வேண்டியதோ குழைகிற பருப்பு. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முத்து முத்தாக நின்றது. கடைசியில் மிக்சியில் போட்டு அரைத்தேன். பிரெஞ்சுத் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு, கோயில் சிலையை உடைத்தது போல முகத்தை வைத்துக்கொண்டாள். சாப்பிட்டாள், அது வேறு விஷயம். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டாள்.

தயிர் நன்றாகவே வந்தது. கடையில் ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் பாலை வாங்கி, கை பொறுக்கிற சூட்டில் காய்ச்சி, ஒரு ஸ்பூன் கடைத்தயிரைக் கலந்து, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால் காலையில் கத்தியால் வெட்டலாம். தோசை மாவுதான் குளிர்காலம் முழுக்கக் கோபித்துக்கொண்டது.

குளிர்காலம் என்றதும் அம்மா "ஐஸ் விழுந்துச்சா" என்று கேட்பார். லியோனில் பனி எப்போதாவதுதான். கஷ்டம் இருட்டு. டிசம்பரில் காலை எட்டு மணி வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, மாலை ஐந்துக்கும் இருட்டு. அப்போது நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. நான் வகுப்பு முடித்து அறைக்கு வரும்போது சேலத்தில் அப்பா தூங்கியிருப்பார். அதனால் மதியம் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டே பேசுவேன். பின்னணியில் தறிச் சத்தம் கேட்கும். பேசாவிட்டாலும் அந்தச் சத்தத்துக்காகவே போனை வைக்காமல் இருந்த நாட்கள் உண்டு.

அந்த இருட்டில் டிசம்பர் 8 வந்தது. 1852-ல் ஃபூர்வியேர் மலையில் மாதா சிலையைத் திறந்து வைக்கிற நாளில் மழை புயல் வந்து ஏற்பாடெல்லாம் கெட்டுவிடும் போல் இருந்ததாம். பிறகு வானம் வெளுத்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்களாம். இன்றைக்கு அது நகரம் முழுக்க நடக்கிற பெரிய ஒளித்திருவிழா. ஆனால் எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய விளக்குகள் இல்லை. சாதாரண வீட்டு ஜன்னல்களில் சின்னச் சின்ன கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வரிசையாக மெழுகு எரியும். நமக்குக் கார்த்திகை தீபமும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். என் ஜன்னலில் நானும் ஐந்து விளக்கு வைத்தேன். எந்தப் பண்டிகைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

இனி உண்மையாகவே நான் எழுத வந்த விஷயம்.

லியோனில் இரண்டு மலைகள். ஃபூர்வியேர் கும்பிடுகிற மலை, குருவா ரூஸ் உழைக்கிற மலை என்று அந்த ஊரில் சொல்வார்கள். உழைக்கிற மலையில் இருந்தவர்கள் பட்டு நெசவாளர்கள். கனு என்று பெயர். மெட்ரோ சி பாதையில், பல்சக்கரம் பிடித்து மேட்டில் ஏறுகிற ரயிலில் போய் இறங்கினால் சதுக்கத்தில் ஒரு சிலை நிற்கும். ஜக்கார்டு. எங்கள் தறி மேல், டிசைனுக்காக நூலைத் தூக்கிவிடுகிற ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அந்த ஜக்கார்டு. 1752-ல் அதே ஊரில் பிறந்தவர், 1804 வாக்கில் இந்தக் கருவியைக் கொண்டுவந்தவர்.

சின்ன வயதிலிருந்து நான் அதை ஏதோ கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான். சிலைக்கு முன்னால் நின்று வீடியோ கால் போட்டேன். "இந்தாளு தானாப்பா நம்ம பெட்டிய கண்டுபிடிச்சது" என்றதும், அப்பா தறியை நிறுத்திவிட்டு வெளிச்சத்துக்கு வந்து பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "மாலை கீல போட மாட்டாங்களா?"

பிறகு மேஸோன் தே கனு என்கிற நெசவு அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய கைத்தறியில் நெய்து காட்டுகிறார்கள். மேலே துளை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்க, மிதியை மிதித்ததும் ஒரு அட்டை புரண்டு வந்து ஊசிகளில் முட்டுகிறது. துளை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகிறது, அதோடு நீளவாக்கில் இருக்கிற பாவு நூலும் தூக்கிக்கொள்கிறது, குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடுகிறது. அந்த டக்-டடக் கேட்டதும் எனக்கு வீட்டு வாசனையே வந்துவிட்டது, ஜரிகையும் கஞ்சியும் கலந்த வாசனை. விளக்கிச் சொன்ன அம்மையாரிடம் அனுமதி கேட்டு அப்பாவுக்கு மறுபடி வீடியோ கால். அவர் ஒரு பரிசோதகர் மாதிரி ஆரம்பித்துவிட்டார். எத்தனை கொக்கிப் பெட்டி என்று கேள், அட்டையை யார் அடிக்கிறார்கள் என்று கேள், நூல் அறுந்தால் பின்னாலிருந்து பிணைக்கிறார்களா முன்னாலிருந்தா என்று கேள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இதில் பாதியைத்தான் கேட்க முடிந்தது. மீதியைக் கையால் காட்டினேன். அந்த அம்மையாருக்கு என் கை புரிந்தது. என்னை விட்டுவிட்டு நேராக போனைப் பார்த்து அப்பாவிடமே பேச ஆரம்பித்துவிட்டார், பிரெஞ்சில். அப்பா தமிழில் பதில் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குருவா ரூஸில் பழைய வீடுகளின் கூரை நாலு மீட்டர் உயரம். ஜக்கார்டு தறி நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். ஜன்னல்களும் ஆள் உயரத்துக்கு மேல், வெளிச்சத்துக்காக. எங்கள் வீட்டில் பெட்டி ஓட்டுக்கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். தரையில் குழி தோண்டி அமைத்த குழித்தறி என்பதால் ஏதோ தப்பித்தது. அங்கே இப்போது அந்த உயரமான வீடுகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி, நெசவாளர் வாடகைக்கு எடுக்க முடியாத விலை.

1831-ல் அந்த நெசவாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நூலும் டிசைனும் முதலாளி கொடுப்பார், தறி நெசவாளருடையது, நெய்த துணிக்குக் கூலி. குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று பேசி முடித்ததை முதலாளிகள் சிலர் ஏற்கவில்லை. நவம்பரில் நெசவாளர்கள் மலையிலிருந்து இறங்கி நகரத்தையே சில நாள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ராணுவம் வந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை. "கூலிப் பிரச்சினைதானே" என்றார். சேலத்தில் குகைப் பகுதியிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் அவர் உட்கார்ந்த பேச்சுவார்த்தைகள் எத்தனையோ. அத்தைக்கு ஈபிள் டவர் எப்படியோ, அப்பாவுக்கு அன்றைக்குப் பிரான்ஸ் என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் இப்போது அவரே சொல்கிறார்: "அது நெசவு ஊருங்க. நம்மள மாதிரிதான்."

நான் படிப்பது நெசவு இல்லை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. வகுப்பில் ஒருமுறை அவரவர் ஊர் ஆற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடிவருகிற திருமணிமுத்தாற்றைக் காட்டினேன். மலையில் எடுத்த படத்தையும், ஊருக்குள் சாயமும் சாக்கடையும் கலந்து ஓடுகிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் ஆற்றைப் பற்றியே கேட்டார்கள். ஆனால் அந்தச் சாயத்தில் எங்கள் வீட்டுச் சேலை நூலும் இருந்திருக்கும், அதில்தான் என் கல்லூரிக் கட்டணமும் வந்தது. இதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.

எங்கள் தெருக்கோடிப் பையன் ஒருவனுக்கு இந்தச் செப்டம்பரில் லியோனில் இடம் கிடைத்திருக்கிறது. நேற்று வந்து உட்கார்ந்துகொண்டு கல்லூரி, பேராசிரியர், பிரெஞ்சு எதையும் கேட்கவில்லை. "அக்கா, குக்கர் எடுத்துட்டுப் போலாமா?" என்றான். அறிவாளி. எடுத்துக்கொள், மூன்று லிட்டர் போதும், கேஸ்கட் இரண்டு கூடுதலாக வை என்றேன். மாணவர் விடுதிகளில் பல இடத்தில் இன்டக்‌ஷன் அடுப்புதான், அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. கடைவீதிக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துப் போய், அடியில் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.