ஓசி பாஸும் 23 இலக்கமும்

எங்கள் வீட்டில் 2,499 ரூபாய் என்றால் ஒரு மிக்ஸி. மனைவியிடம் எந்த விலையைச் சொன்னாலும் அது உடனே பாத்திரமாகவோ துவரம்பருப்பாகவோ மாறிவிடும். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய இசையமைப்பாளரின் நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 2,499 வீதம் நாலு டிக்கெட் எடுத்தபோது, நாலு மிக்ஸியை ஒரே ராத்திரியில் கேட்டுவிட்டு வரப்போகிறோம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஆபீஸ்ல பாஸ் குடுத்தாங்க" என்றேன்.

அவள், மகள், மாமியார், நான். "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல நல்ல மதிப்புதான் போல" என்று மாமியார் சொன்னார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதற்கே பத்தாயிரம் கொடுக்கலாம்.

பத்தாயிரம்தான் ஆனது. டிக்கெட் 9,996. அதற்கு மேல் கன்வீனியன்ஸ் ஃபீஸ் டிக்கெட்டுக்கு 75 வீதம் 300, அந்த 300-இன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி 54. ஆக 10,350. என் கைபேசிக்கு மட்டும் குறுஞ்செய்தி வருகிற கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு, செய்தியையும் அழித்துவிட்டேன்.

நிகழ்ச்சி நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, திறந்தவெளி மைதானத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். சபாக்காரர்கள் காலம் காலமாகக் கச்சேரியைக் கூரைக்கு அடியில், கேன்டீனுக்குப் பக்கத்தில் வைப்பது சும்மா இல்லை. ஆனால் ஏற்பாட்டாளர்களுக்கும் எனக்கும் அந்தப் பாடம் நடந்த அன்று காய்ச்சல் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி கொட்டிய மழையில் மைதானம் ஏரியாகிவிட்டது. நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. புதிய தேதி, பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை.

பொங்கலுக்கு நாங்கள் திருநெல்வேலியில் இருப்போம். நெல்லை எக்ஸ்பிரஸில் போக, வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிகழ்ச்சி ரத்தானால் பணம் தானாகத் திரும்பி வந்துவிடும். தள்ளிவைத்தால் அப்படி இல்லை. பழைய டிக்கெட்டே புதிய தேதிக்கும் செல்லும், வேண்டாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் நாம்தான் கேட்க வேண்டும். இதைச் சொன்ன மின்னஞ்சல், சேலை தள்ளுபடிக்கும் வீட்டுமனை விளம்பரத்துக்கும் நடுவே புரமோஷன்ஸ் பகுதியில் படுத்திருந்தது. நான் பார்த்தபோது முப்பது மணி நேரம்தான் பாக்கி. ரயில்வேயே தேவலை. காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும் இ-டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் உறுதியாகாவிட்டால், யாரும் கேட்காமலே ரத்தாகிப் பணம் வந்துவிடுகிறது.

அலுவலகத்தில் கிரிக்கெட் பைத்தியமான நண்பரிடம் யோசனை கேட்டேன். அவருக்கு உலகமே மைதானம். "2025 மே 17, ஐபிஎல் மேட்ச், பெங்களூரு சின்னசாமி மைதானம். மழையில ஒரு பந்துகூட வீசலை. அதனால பணம் திரும்பக் கொடுத்தாங்க. ஒரே ஒரு பந்து விழுந்திருந்தா போச்சு. 2023 ஐபிஎல் அகமதாபாத் இறுதிப்போட்டி மே 28-லருந்து 29-க்குத் தள்ளிப்போச்சு, அதே டிக்கெட்தான்" என்று வழக்கறிஞர் மாதிரி அடுக்கினார். கடைசியில் என்னைக் கூர்ந்து பார்த்து, "உங்க மேடையில யாராவது 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சொல்லியிருந்தா அது ஒரு பந்து சார்" என்றார்.

அன்று ராத்திரி குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு செயலியின் அரட்டை இயந்திரத்தோடு பேசினேன். டிக்கெட் வாங்க, சலுகைகள், மற்றவை என்று மூன்று வழி காட்டியது. 'மற்றவை'யை அழுத்தினால் மறுபடி அதே மூன்று வழி. பொறுமை போய், 'மனுஷங்க யாராவது இருக்கீங்களா?' என்று தட்டினேன். உங்கள் அருகில் இந்த வாரம் நடக்கும் நிகழ்ச்சிகள் என்று எட்டு படம் அனுப்பியது. என் தனிமையைப் போக்குகிறதாம். கடைசியில் 'என் டிக்கெட்டுகள்' பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், கொசு அளவு எழுத்தில் ரிஃபண்ட் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். அழுத்தியதும் நாலு க்யூஆர் கோடும் மறைந்தன.

வெளியே வந்தால் மனைவி சந்தோஷமாக நின்றாள்.

"ஏங்க, நாமதான் ஊருக்குப் போறோமே. அந்தப் பாஸ் வீணாத்தானே போகும்? கீழ்வீட்டுக்காரங்களுக்குத் தரேன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு ஸ்டேட்டஸே வச்சுட்டா."

"பாஸை ஆபீஸ்ல திரும்ப வாங்கிட்டாங்க" என்றேன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

"ஓசில குடுத்ததைத் திரும்ப வாங்கினாங்களா? என்ன கம்பெனிங்க அது!"

மறுநாளிலிருந்து என் அலுவலகத்துக்குக் கஞ்சக் கம்பெனி என்று பெயர். கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் மோட்டாரைப் போடுவதுபோல் உள்ளே போய்விடுவார்.

'ரிஃபண்ட் தொடங்கப்பட்டது, 7 முதல் 10 வேலை நாட்கள்' என்று மின்னஞ்சல் வந்தது. வேலை நாள் என்பதை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிறு கிடையாது. இரண்டாம் சனி, நான்காம் சனி கிடையாது. அப்படி இப்படி என்று டிசம்பர் பாதி ஓடிவிட்டது.

இடையில் நான் இன்னொரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். அந்த கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 999 என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அதை முதல்ல மூடுங்க" என்றாள் மனைவி. மூடிவிட்டேன். பணம் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத்தான் ரிஃபண்டும் திரும்பி வரும் என்பது மூடிய பிறகுதான் உறைத்தது.

டிக்கெட் கம்பெனியைக் கேட்டால், "நாங்க அனுப்பிட்டோம் சார், இந்த ஏஆர்என் நம்பரை, அதான் பணம் அனுப்பினதுக்கான அடையாள எண்ணை, உங்க பேங்க்ல சொல்லுங்க" என்றார்கள். 23 இலக்கம். வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஆபீஸ் மாடிப்படியில் நின்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வேன். பதினெட்டாவது இலக்கத்தில் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி அழைத்தால் வேறு ஒருவர், முதலிலிருந்து. ஒரு வாரத்தில் சஷ்டி கவசம் மாதிரி ஆகிவிட்டது. தூக்கத்தில்கூட முணுமுணுத்தேனாம். "லாட்டரி கீட்டரி வாங்குறீங்களா?" என்று மனைவி கேட்டாள். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே ஒழித்துவிட்டார்கள் என்று நினைவூட்டினேன். "அப்ப வேற யாரோட நம்பர் அது?" என்றாள். 23 இலக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் போன் நம்பர் கிடையாது என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

ஒருவழியாக ஒரு வங்கி ஊழியர் முழுதும் கேட்டார். "பணம் வந்திருக்கு சார். கார்டு மூடினதால தனியா நிக்குது. எங்க வங்கியிலேயே உங்க பேர்ல சேமிப்புக் கணக்கு ஒண்ணு இருக்கே, அதுக்கு மாத்திடவா?" நல்ல மனிதர். அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே "மாத்துங்க, மாத்துங்க" என்றேன்.

அந்தக் கணக்கு நானும் மனைவியும் சேர்ந்து வைத்திருப்பது. அதில் பதிவாகியிருப்பது அவள் கைபேசி எண்.

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து வந்து, நாலாம் நாள் காலை. காபியை மேசைமேல் வைத்தாள், பக்கத்திலேயே கைபேசியையும் வைத்தாள். திரையில் 9,996 வரவு.

"நாலால வகுத்துப் பார்த்தேன். 2,499" என்றாள். "ஓசிப் பாஸைத் திரும்பக் குடுத்தா பணம் தருது உங்க கம்பெனி. இப்படி ஒரு நல்ல கம்பெனியப் போய்க் கஞ்சக் கம்பெனின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். காபி ஆறுகிற வரை திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கணக்கில் நின்றாள்.

"மொத்தம் எவ்வளவு கட்டினீங்க?"

"10,350."

"அப்ப 354 எங்க?"

கன்வீனியன்ஸ் ஃபீஸ் திரும்ப வராது, டிக்கெட் வாங்கும்போதே போட்டிருந்தார்கள் என்று விளக்கினேன்.

"கன்வீனியன்ஸா? யாருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அவள் அதற்குள் 1915, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், அதை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள். தமிழில் பேச என்ன எண்ணை அழுத்தணுமோ அழுத்தி, காத்திருந்து, பெயர், ஊர், புகார் என்று ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னாள். இதில் ஏமாந்தது தான் இல்லை, தன் கணவர்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"பணப் பரிமாற்ற எண் ஏதாவது இருக்கா மேடம்?" என்றது மறுமுனை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். 23 இலக்கமும், ஒன்றுகூடப் பிசகாமல்.