மாடியில் ஒரு தண்ணீர்த் தட்டு: மார்ச்சிலிருந்து மழை வரை

மார்ச், முதல் வாரம்

இடம் சென்னையில் தாம்பரத்தை அடுத்த சேலையூர்ப் பக்கம், இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி. சுற்றுவட்டத்தில் இரண்டு வேம்பு, ஒரு வாதாம் மரம், அடுத்த காலி மனையில் முருங்கை. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க வாங்கியது பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு, 12 அங்குல அகலம், 2 அங்குல ஆழம். இரண்டு தட்டு வேண்டும். ஒன்றில் தண்ணீர் இருக்கும்போது மற்றது கழுவி வெயிலில் காயும். கூடவே நாலு செங்கல், ஒரு கை கூழாங்கல், தேங்காய் நார்.

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவிகள் நாள். அதையொட்டிச் சில இடங்களில் பிளாஸ்டிக் கிண்ணம் இலவசமாகக் கிடைக்கும். வாங்கி வைத்தால் செடிக்கு உரம் அள்ளப் பயன்படும், பறவைக்கு ஆகாது. ஓரம் வழுக்கும், உச்சி வெயிலில் சுடும், காற்றடித்தால் உருண்டோடும். மண் தட்டு கசிகிறதே என்று குறைப்பட வேண்டாம். கசிகிற ஈரம் காயும்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. உட்புறம் பெயின்ட் அடித்துப் பளபளவென்று விற்கிற தட்டில் இந்தக் கசிவு நடக்காது. புதுத் தட்டை ஒரு ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

ஆழம்தான் முக்கியம். சின்னக் குருவியின் கால், நம் விரல் நீளம்கூட இராது. ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் அதிகம் போனால் ஒன்றரை அங்குலம். கூழாங்கற்களை ஒரு பக்கமாகச் சரித்து அடுக்கினால் இறங்கி ஏற ஒரு படித்துறை கிடைத்துவிடும். அதற்கு மேல் ஊற்றினால் காக்கை மட்டும் வரும், மற்றவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

முதலில் வைத்த இடம் கைப்பிடிச் சுவர். அது தப்பு. காக்கை ஓரத்தில் உட்கார்ந்ததும் தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. கீழே தெருவில் கீரைக்காரம்மா கூடையை இறக்குகிற நேரமாக இருந்தால் என்னாவது? தரையிலும் நேரே வைக்கக் கூடாது. மதியத்துக்கு மேல் தளமே அடுப்பு மாதிரி காய்ந்து, தண்ணீர் அடியிலிருந்து சூடேறும். கடைசியாக அமைந்த இடம் சின்டெக்ஸ் தொட்டியின் நிழல். நாலு செங்கல்லை அடுக்கி, நனைத்த சாக்கு விரித்து, அதன்மேல் தட்டு. பூனை பதுங்கக்கூடிய தொட்டிச் செடிகள் ஆறடிக்கு அப்பால்.

தலைக்கு மேலே துணி காயப்போடும் கொடிக்கயிறு இருந்தது நல்லதாகப் போயிற்று. கொண்டைக்குருவி நேரே தண்ணீரில் இறங்காது. முதலில் கயிறு, அப்புறம் செங்கல், அப்புறம்தான் தட்டு. காய்கிற வேட்டிக்கு ஏற்படும் சேதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச், இரண்டாம் வாரம்

இரண்டாம் நாளே காக்கை. ஐந்தாம் நாள் மைனா ஜோடி. பத்து நாள் கழித்துத்தான் கொண்டைக்குருவியும் அணிலும். ஒரு வாரம் யாரும் வரவில்லையே என்று இடத்தை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஏப்ரல்

இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். நாலு நாளில் தட்டின் ஓரத்தில் வெள்ளைப் படிவம் பிடிக்கும். பழைய புளியைத் தடவி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போகும். சோப்பு வேண்டாம், மண் தட்டு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சிலர் பறவைக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு ஏற்கெனவே கூடுதல், வெயிலில் வற்ற வற்ற இன்னும் கூடும். செய்ய வேண்டாம். இன்னொன்று: மதியம் மாடிக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடுவது எளிது.

கொசுவைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், கேட்பது நியாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. அது முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டுகிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் படும்போது பொரிக்கும். ஆகவே தினமும் கொட்டுவது ஒன்று, மூன்று நாளைக்கு ஒரு முறை உள்விளிம்பைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது இன்னொன்று. பாசியும் இதிலேயே போய்விடும்.

அடுத்த தொல்லை காக்கை. தண்ணீர்த் தட்டும் வடாம் காயப்போடுகிற பருவமும் ஒன்றாக வருவதில் ஒரு சிக்கல். பக்கத்து மாடியில் திருடிய வடாமை இங்கே கொண்டுவந்து ஊறவைத்துத் தின்னும். ஒரு நாள் வடாம், ஒரு நாள் காய்ந்த ரொட்டி, ஒரு நாள் மீன் தலை. அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் நாறிவிடும். விரட்டிப் பயனில்லை. மாடியின் எதிர் மூலையில் அகலமான பழைய சட்டி ஒன்றை வைத்து, காலையில் காக்கைக்கு வைக்கும் சோற்றையும் அதன் பக்கத்திலேயே வைத்தால் பெரும்பாலும் அங்கேயே போய்விடுகிறது. பெரும்பாலும்தான்.

மே

அக்னி நட்சத்திரம். காலை ஆறு மணிக்கு ஊற்றும் இரண்டு லிட்டர் பிற்பகல் இரண்டு மணிக்குள் வற்றிவிடும். பாதி வெயிலுக்கு, பாதி மைனாவுக்கு. மைனா குடிப்பதைவிடக் குளித்து இறைப்பது அதிகம். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் மறுபடி நிரப்ப வேண்டும்.

வருகிற பறவைகளைக் குறித்துவைக்க நல்ல நேரம் காலை ஆறேகால், மாலை நாலரை, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுப் பேராகச் சத்தம் போட்டுக்கொண்டு வரும். ஒன்று மட்டும் கொடிக்கயிற்றில் காவல் இருக்கும். எல்லாம் சட்டென்று காலியாகி அரை மணி நேரம் ஈ காக்கை இல்லையென்றால், வேம்பில் வைரி என்கிற வேட்டைப் பறவை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குயிலும் குக்குறுவானும் தட்டுக்கு இறங்குவது அரிது. பழத்தில் கிடைக்கிற ஈரமே அவற்றுக்குப் பெரும்பாலும் போதும்.

தேன்சிட்டும் தையல்சிட்டும் பக்கத்திலேயே சுற்றும், ஆனால் தட்டைத் தொடாது. அவற்றுக்கு நனைந்த இலை வேண்டும். காலை ஒன்பது மணி வாக்கில் கறிவேப்பிலை, செம்பருத்திச் செடிகளின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றால், இலையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பதைப் பார்க்கலாம். இந்த மொத்த வேலையில் ஒரு காட்சியை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதுதான்.

தேனீக்கள் கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்க வரும். செங்குத்தான ஓரத்தில் வழுக்கி விழுந்து சாகும். தேங்காய் மட்டைத் துண்டு ஒன்று மிதக்கவிட்டால் போதும்.

சிட்டுக்குருவிக்காகத் தனியாக ஒரு பழைய தட்டில் சலித்த ஆற்று மணல், இரண்டு அங்குலம். அவை மண்ணில் புரண்டு குளிக்கும். நனைந்தால் வராது, பூனை கழிவிடமாக்கினாலும் வராது. இரவில் மூடிவைக்க வேண்டும்.

ஜூனுக்குப் பிறகு

மாலை இடிமழை தொடங்கியதும் வருகை குறையும். குறைந்தாலும் தண்ணீரை நிறுத்த வேண்டாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு தட்டுகளைக் கழுவிக் காயவைத்துக் கவிழ்த்துவிடலாம். மழைக்காலத்தில் தட்டுக்கு அடியில் பூரான் குடியேறும். ஜனவரியில் நிமிர்த்தும்போது கையை விடாமல் குச்சியால் நெம்பி எடுக்கவும்.