தூணை மண்ணுக்குள் இறக்கிய நகரம்

ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் ஹார்பர்க் பகுதியில் 1986இல் ஒரு தூண் எழுந்தது. 12 மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், உள்ளே வெற்றிடம், மேலே ஈயப் பூச்சு. கலைஞர்கள் யோகன் கெர்ட்ஸும் எஸ்தர் ஷலேவ்-கெர்ட்ஸும் உருவாக்கிய பாசிச எதிர்ப்பு நினைவுச்சின்னம் அது. ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது மென்மையான உலோகம், எஃகு எழுத்தாணியால் கீறினால் பெயர் பதியும். எழுத்தாணிகளைத் தூணிலேயே கட்டி வைத்தார்கள். விழிப்போடு இருப்போம் என்று உறுதி கூறிப் பெயரைப் பொறிக்கும்படி ஏழு மொழிகளில் அழைப்பும் இருந்தது. கைக்கெட்டும் உயரம் நிறைந்ததும் தூணைத் தரைக்குள் இறக்குவார்கள். எட்டு முறை இறக்கி, 1993இல் முழுவதுமாக மறைந்தது. இப்போது மேல்முகம் மட்டும் தரைமட்டத்தில் தெரிகிறது. தூண் நின்ற மேடைக்குக் கீழே உள்ள சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியே தூணின் ஒரு பகுதியைப் பார்க்கலாம்.

பெயர்கள் மட்டும் வரவில்லை. ஸ்வஸ்திகா வந்தது, பெயர்களின்மேல் கிறுக்கல் வந்தது. ஊரில் பலருக்கு அது சங்கடமாக இருந்தது. கலைஞர்களோ அதையும் பதிவாகவே ஏற்றார்கள். அதுவே சரி என்பேன். துடைத்துச் சுத்தமாக்கியிருந்தால், அந்த ஊர் அன்று இருந்த நிலையைப் பற்றித் தூண் பொய் சொல்லியிருக்கும்.

வெண்கலச் சிலை பார்ப்பவரிடம் எதுவும் கேட்பதில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம், பார்க்காமலும் போகலாம். ஹார்பர்க் தூண் போல, வழக்கமான சிலைக்கு மாறாக எழுப்பப்படும் எதிர்-நினைவுச்சின்னம் ஒரு வேலை தருகிறது: எழுது, குனி, தேடு.

குனிய வைப்பதில் ஜெர்மன் கலைஞர் குன்டர் டெம்னிகின் இடறுகற்கள் தேர்ந்தவை. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் கனசதுரம், மேலே பித்தளைத் தகடு. நாஜிகளிடம் பலியானவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன், நடைபாதைக் கற்களோடு சமமாகப் பதிப்பார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்பது. ஒரு கல்லுக்கு ஒரு பெயர். 2023இல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. பித்தளை கறுக்கும். யாராவது மண்டியிட்டுத் தேய்த்தால்தான் பெயர் படிக்கக் கிடைக்கும். இந்தப் பராமரிப்பைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை நினைவு வேலை செய்வதே அந்தத் தேய்ப்பில்தான்.

பழைய சின்னத்தை இடிக்காமல் பக்கத்தில் பதில் வைப்பது இன்னும் கடினம். ஹாம்பர்க் டாம்டோர் அருகே 1936இல் எழுந்த போர்ச் சின்னத்தில் சிப்பாய்கள் அணிவகுக்கிறார்கள்; நாம் செத்தாலும் ஜெர்மனி வாழ வேண்டும் என்கிறது வாசகம். அதற்கு மறுமொழியாக சிற்பி ஆல்ஃபிரட் ஹர்ட்லிச்கா திட்டமிட்டவை நான்கு பகுதிகள். 1986க்குள் முடிந்தவை இரண்டே. முழுமையான கல்பாளத்தின் எதிரே பாதி வேலை நின்றால், வழிப்போக்கர் கண்ணில் பழையதே ஜெயிக்கும். அதனால் முழுத் தொகைக்கும் ஒப்பந்தம் உறுதியாகும் முன் முதல் கல்லை வைக்கக் கூடாது. நாஜிப் படையைவிட்டு ஓடியவர்களுக்கான நினைவிடம் அங்கே சேர்ந்தது 2015இல்தான்.

விளக்கப் பலகை மலிவான வழி, பெரும்பாலும் அதுதான் தோற்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் 1895ஆம் ஆண்டுச் சிலை, அவரை நகரத்தின் நற்குணமும் ஞானமும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்றது. புதிய பலகை வைக்க முயன்றபோது, வாசகம் திருத்தத் திருத்த நீர்த்துப்போனது. 2019இல் மேயர் அதை நிறுத்தினார். 2020 ஜூன் 7 அன்று மக்கள் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். பிறகு அருங்காட்சியகம் அதைப் படுத்த நிலையில், மேலே பூசப்பட்ட பெயின்ட்டை அழிக்காமல் காட்சிக்கு வைத்தது. 125 ஆண்டுகள் நிமிர்ந்து நின்றபோது சொல்லாததை, படுத்த பிறகு அது சொன்னது.

மியூனிக் நகராட்சி பொது நிலத்தில் இடறுகற்களை அனுமதிக்கவில்லை. மாண்டவர் பெயரை மிதிக்கலாகாது என்று யூத சமூகத்திலேயே பலர் வாதிட்டார்கள். அங்கே 2018 முதல் அதே பெயர்கள் சுவர்த் தகடுகளிலும் சிறு கம்பங்களிலும், கண் உயரத்தில் இருக்கின்றன.